மூன்றரை மணி நேரத் தூரம்

வைகறைப் பொழுதில் தாம்பரம் நிலையத்தில் நிற்பது நமக்குப் புதிதன்று. 1931ஆம் ஆண்டு மின்சார வண்டி ஓடத் தொடங்கிய பாதை அது. நாம் இப்புறநகருக்கு ஆசிரியப் பணியேற்று வந்த நாளில் குறுகிய மீட்டர்ப் பாதைதான் இருந்தது. 2004ஆம் ஆண்டு மீட்டர்ப் பாதை மின்வண்டிகள் விடைபெற்றுக் கொண்டதையும் கண்டோம். நூல்கட்டும் சோற்றுப் பாத்திரமும் சுமந்து எத்தனையோ காலைகள் அங்கே நின்றிருக்கிறோம். ஆயினும் அண்மையில் ஒரு சனிக்கிழமை நின்ற நிலை வேறு. அன்று நாம் பணிக்குச் செல்பவராக நிற்கவில்லை. சுற்றுலாப் பயணியாக நின்றோம்.

நம் தெருவார் சிலரும் பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதி அன்பர்கள் சிலரும் கூடி ஒரு திட்டம் வகுத்திருந்தனர். காலையில் வந்தே பாரத் வண்டியில் ஏறித் திருச்சிராப்பள்ளி செல்வது. நகரை ஒரு வழிகாட்டியின் துணையோடு சுற்றிப் பார்ப்பது. மாலையில் அதே வண்டி நாகர்கோவிலிலிருந்து திரும்பி வருகையில் ஏறி, இரவு வீடு சேர்வது. இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தனர். நம் இல்லத்தரசியார் நம்மைக் கேளாமலே இரண்டு பெயர்களைச் சேர்த்துவிட்டார்.

திருச்சி என்ற பெயரைக் கேட்டதும் நாம் சற்றே தயங்கினோம். காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

கோடைக்காலமாதலின் சுபுஹு வக்து நான்கரை மணிக்குள்ளாகவே வந்துவிட்டது. வீட்டிலேயே தொழுது முடித்துப் புறப்பட்டோம். ஐந்து மணிக்கு எழும்பூரை விட்ட வண்டி அரை மணிக்குள் தாம்பரத்துக்கு வந்து நின்றது. கதவுகள் தாமே திறந்தன; நாம் ஏறியதும் தாமே மூடிக்கொண்டன. வழியனுப்ப வந்த பேரன் கண்ணாடிக்கு வெளியே ஏதோ சொன்னான். வாயசைவு தெரிந்ததேயன்றி ஒலி கேட்கவில்லை.

இவ்வண்டியின் பிறப்பிடம் நம் சென்னையே. பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கப் பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான இவ்வகை வண்டி, 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே முதன்முதலாக ஓடிற்று. சென்னை–நாகர்கோவில் வண்டி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. முன்னே நின்று இழுக்கும் தனி இஞ்சின் இதற்கில்லை. இயக்கும் மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பகிர்ந்து அமைக்கப்பட்டுள்ளன. ஒருவர் இழுக்கப் பலர் பின்தொடர்வது போலன்றிப் பலரும் சேர்ந்து ஓடுவது போன்றது அது. ஆதலின் நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் கொள்கிறது; விரைவாக நிற்கவும் செய்கிறது. 1964ஆம் ஆண்டிலேயே தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டிய ஜப்பானியருக்கு நம் வண்டியின் வேகம் பெரிதாகத் தோன்றாமலிருக்கலாம். மீட்டர்ப் பாதையில் ஓர் இரவெல்லாம் குலுங்கித் திருச்சி சேர்ந்த நமக்கோ அது பெரிதுதான்.

கொளவாய் ஏரியின் மீது வெளிச்சம் பரவியபோது செங்கற்பட்டைக் கடந்தோம். பாலாற்றுப் பாலமும் மதுராந்தகமும் வந்தது தெரிவதற்குள் மறைந்தன. நாம் மாணவராய்ப் பயணம் செய்த நாட்களில் விழுப்புரம் என்றால் தேநீரும் இட்லிப் பொட்டலமும் கூவி விற்கும் குரல்கள்தாம். இன்று இருக்கைக்கே சிற்றுண்டி வந்தது. காற்றில்லை, புழுதியில்லை, கரித்தூளும் இல்லை. எதிரில் இருப்பவர் கட்டுச்சோற்றை அவிழ்த்து "எடுத்துக்குங்க" என்று உபசரிக்கும் வழக்கமும் இல்லை.

விழுப்புரம் தாண்டியதும் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் நம் அருகே வந்தமர்ந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. குளிர்ந்த பெட்டியில் சாய்ந்துகொண்டு மூன்றரை மணி நேரத்தில் திருச்சி போய்ச் சேர்கிறோம். ஒரு கஷ்டமும் இல்லை. நமக்குப் பயணத் தொழுகையின் சலுகை உண்டா? லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாமா?"

நல்ல வினா. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலேயே இதற்கு விடை உண்டு என்று கூறினோம். அக்காலத்தில் தரைவழி செல்வோர் ஒட்டகத்திலும் கால்நடையாகவும் இரண்டு நாட்களில் கடக்கும் தூரத்தைக் கப்பலில் செல்வோர் நல்ல காற்று வீசினால் சிறிது நேரத்தில் கடந்துவிடக் கூடும். அவ்வாறு கடந்தவருக்கும் சலுகை உண்டென்பதே ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. தூரத்தைக் கொண்டே சட்டம், நேரத்தைக் கொண்டன்று. அத்தூரம் இன்றைய கணக்கில் எத்தனை கிலோமீட்டர் என்பதில் ஆலிம்கள் வேறுபடுவர். எனினும் தாம்பரத்திலிருந்து திருச்சி முந்நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதால் ஈண்டு ஐயத்துக்கு இடமில்லை. ஹனபி மத்ஹபினரின் கணக்கு முறை வேறாயினும் சுருக்கித் தொழுவதில் அவர்களுடைய முடிவும் இதுவே.

அன்பர் மகிழ்ந்து தம் இருக்கைக்குச் சென்றார். சொல்லிய நமக்கோ நெஞ்சில் ஒரு முள் தைத்தது. தூரத்தைக் கொண்டே சட்டம் என்றோம். அவ்வாறாயின் திருச்சியில் வாழும் நம் உஸ்தாதுக்கும் நமக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் இருந்த தூரம் எத்தனை மைல்?

இனி அக்காரணத்தைச் சொல்லலாம். அந்நகரத்து மத்ரஸா ஒன்றில் நாம் ஓதினோம். நமக்கு ஸர்ஃபும் நஹ்வும் ஊட்டியவர் ஓர் உஸ்தாத். விளக்கெண்ணெய் போல் மெல்லப் பேசுவார். ஒரு இஃராபு பிழைத்தால் பொறுக்கமாட்டார். தமக்குப் பின் அப்பாடத்தை நாம் நடத்துவோம் என்று அவர் எண்ணியிருந்தார். நாமோ அவரறியாமல் தமிழ்ப் புலவர் தேர்வுக்குப் படித்து, 1993ஆம் ஆண்டு சென்னைப் புறநகரில் ஒரு பள்ளியில் வேலையும் பெற்றுவிட்டோம். செய்தியறிந்த நாளில் மாணவர் கூடியிருந்த அவையிலே, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால், இவனால் இரண்டுக்கும் பயனில்லை" என்று சொல்லிவிட்டார். இளமைச் செருக்கு நம்மை விடவில்லை. அன்று மாலையே ஸலாம் உரையாமல் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். அவரிடம் பார்த்து எழுத வாங்கிய அல்ஃபிய்யாவின் உரைநூல் நம் பெட்டியிலேயே வந்துவிட்டது.

பின்னர் கோபம் ஆறியது, வெட்கம் ஆறவில்லை. "தூரமாயிற்றே", "விடுமுறை இல்லையே", "பிள்ளைகள் தேர்வாயிற்றே" என்று ஆண்டுகள் கழிந்தன. ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் உறவை முறித்துக்கொண்டிருத்தல் ஆகாது என்னும் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை ஆண்டுதோறும் மாணவருக்குப் பாடமாக நடத்திக்கொண்டே முப்பதாண்டுகளைக் கடத்தினோம். வாசக அன்பர்களே, இதைவிட நாணத்தக்க செய்தி ஆசிரியன் ஒருவனுக்கு உண்டோ?

வண்டி கொள்ளிடத்தைக் கடந்தது. திருவரங்கத்தைத் தாண்டிக் காவிரியையும் கடந்தது. ஒன்பது மணியளவில் திருச்சியில் இறங்கினோம்.

நம் வழிகாட்டி வரலாறு பயின்ற ஓர் இளம்பெண். பச்சைக் குடையொன்றை உயர்த்திப் பிடித்து, "குடையைப் பார்த்தபடி வாருங்கள்" என்றார். முதலில் நத்ஹர் வலி தர்கா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவராக மரபு கூறும் அப்பெரியாரின் அடக்கத்தலத்தை ஒட்டியே 1752ஆம் ஆண்டு கொல்லப்பட்ட சந்தா சாகிபும், 1795ஆம் ஆண்டு மறைந்த நவாப் முகம்மது அலி வாலாஜாவும் அடங்கியுள்ளனர். வாழ்நாளெல்லாம் ஒரே ஆட்சிப் பீடத்துக்காகப் பகைத்த இரு தரப்பினர், இன்று ஒரே வளாகத்தில் துயில்கின்றனர். வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் குடையை உயர்த்தினார். நமக்கோ கால் நகரவில்லை.

அடுத்து மலைக்கோட்டை. முதியவர் பலரும் படியேற இயலாது தெப்பக்குளக் கரையிலே அமர்ந்துகொண்டோம். பின் ஜமால் முகம்மது கல்லூரி. ஹாஜி ஜமால் முகம்மது, காஜாமியான் ராவுத்தர் எனும் இரு பெருமக்களின் கொடையால் 1951ஆம் ஆண்டு எழுந்த கலைக்கழகம் அது. 1973ஆம் ஆண்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிய நகரும் இதுவே என்று உடன் வந்தோருக்குச் சொன்னோம். அரபும் தமிழும் ஒரே நாவில் வாழலாம் என்பதற்கு இந்நகரம் சான்று. நம் உஸ்தாதிடம் அன்று நாம் வாதிட்டிருக்க வேண்டியது இதைத்தான். வாதிடாமல் ஓடிவிட்டோம்.

லுஹரைச் சுருக்கித் தொழுது உணவு முடித்ததும், குழு கல்லணைக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. அப்போது நம் இல்லத்தரசியார் தம் கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொருளை நம் மடியில் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தோம். அந்த உரைநூல்!

"கல்லணை எங்கேயும் போகாதுங்க. இரண்டாயிரம் வருஷமா அங்கேதான் இருக்கு. அவருக்குத்தான் வயசாகுது" என்றார்.

வழிகாட்டியிடம் விடை கேட்டோம். "ஆறு மணிக்கு முன் சந்திப்பு நிலையத்துக்கு வந்துவிடுங்கள், ஐயா. வண்டி காத்திருக்காது" என்று எச்சரித்து அனுப்பினார்.

பாலக்கரைப் பக்கத்துச் சந்தொன்றில் அவர் வீடு. மகனார் கதவு திறந்தார். திண்ணையை அடுத்த அறையில் நாற்காலியொன்றில் உஸ்தாத் அமர்ந்திருந்தார். எண்பத்தாறு வயது, பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஸலாம் உரைத்து நம் பெயரைச் சொன்னோம். பதில் ஸலாம் தடையின்றி வந்தது. பின் நெடிய மௌனம்.

"எங்கிருந்து வருகிறாய்?"

"தாம்பரத்திலிருந்து, ஹஜ்ரத்."

"எத்தனை நேரம் ஆயிற்று?"

"புதிய வண்டியில் வந்தோம், ஹஜ்ரத். மூன்றரை மணி நேரம்."

"மூன்றரை மணி நேரமா? நான் முப்பது வருஷம் என்றல்லவா கணக்கு வைத்திருந்தேன்!"

நாம் அவர் கையைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. நூலைக் கையில் வைத்ததும் அட்டையைத் தடவிப் பார்த்தார். "ஒரு பக்கம் வாசி" என்றார். வாசித்தோம். நான்காம் வரியில் அவர் விரல் உயர்ந்தது. "அங்கே நஸ்பு. அன்றும் அந்த இடத்தில்தான் தடுக்கினாய்." பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "அவையில் வைத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ போன மறுநாளே எனக்குத் தெரியும். முகவரி கேட்டு எழுத மனம் வரவில்லை. எனக்கும் அது தூரமாகத்தான் இருந்தது" என்றார்.

அஸர் வந்தது. "நீ தொழ வை" என்று பணித்தார். மறுக்க வழியில்லை. நாம் பயணியாதலின் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்தோம். உள்ளூர்வாசியான அவர், சட்டப்படி, நாற்காலியில் அமர்ந்தவாறே எஞ்சிய இரண்டையும் தனித்து நிறைவு செய்தார். நாம் சுருக்கியதை நம் பின்னால் அவர் முழுமை செய்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள், முப்பதாண்டுகளிலும் நீண்டவையாக நமக்குத் தோன்றின.

ஐந்தரை மணிக்கு விடைபெற்றோம். நூலை அவரிடமே ஒப்படைத்தோம். "இங்கேயே இருக்கட்டும். வந்து வாசி" என்றார். வண்டி நேரத்துக்கு வந்தது. பத்தரை மணியளவில் தாம்பரத்தில் இறங்கினோம். கல்லணையைக் கண்டு வந்த அன்பர்கள் கைப்பேசியில் படங்களைக் காட்டினர். கண்டு மகிழ்ந்தோம்.

வேக வண்டியை நாம் குறை கூறமாட்டோம். சாக்குகளின் மீது ஏறி ஓடி அவற்றை நசுக்கிவிட்ட நன்மை அதற்குண்டு. இன்னும் தூரத்தைக் காரணம் காட்டிக்கொண்டிருப்போர் நம்மில் பலர் இருக்கக்கூடும். அவர்கள் கால அட்டவணையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.

அடுத்த திங்களே மீண்டும் சென்றோம். அம்முறை வழிகாட்டியும் இல்லை. வந்தே பாரத்தும் இல்லை. பல்லவனில் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. இரவு அவர் வீட்டிலேயே தங்கினோம். இஷாவுக்கு உஸ்தாத் அவர்களையே இமாமாக்கிப் பின்னே நின்றோம். ஊர்வாசியின் பின்னால் தொழும் பயணி சுருக்கலாகாது என்பது சட்டம். நான்கு ரக்அத்தும் தொழுதோம். அல்ஹம்து லில்லாஹ்.