பாலத்தைக் கடந்த சிறு பை

சென்ற விடுமுறையில் ஒரு காலை, கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டோவில், மகன் தனது ரேஸ் சைக்கிளில். ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வழி. சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன்பு 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில்தான் நீரைக் கடந்தோம்.

பாலத்தில் ஏறியதும் எனக்கு 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. பெற்றோலும் மருந்தும் தட்டுப்பாடான காலம் அது. என் உம்மாவுக்கு இன்சுலின் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கிடைக்காததால் மகன் சைக்கிளில் நகருக்குப் போய் வாங்கினான். அவனது சைக்கிளுக்குக் கரியரும் இல்லை, கூடையும் இல்லை. மருந்தைச் சொப்பிங் பேக்கில் போட்டு ஹேண்டிலில் கொழுவிக்கொண்டு வந்திருக்கிறான். பாலத்துக் காற்றில் பை ஆடி, முன்சில்லின் கம்பிக்குள் சிக்கிவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் முழங்கை தேய்ந்ததோடு தப்பினான். ஆனால், "உம்மா, மருந்து உடைஞ்சி பெய்த்து" என்று வாசலில் நின்று அழுத குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

சகோதரிகளே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அன்று நாங்கள் ஒட்டகத்தைக் கட்ட மறந்திருந்தோம்.

அன்றிரவே பழைய குடைத் துணியையும், கிழிந்த பள்ளிப் பையின் பட்டிகளையும் எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். மூன்று பைகள் போதும் என்று மகன் சொன்னான்.

முதலாவது, சட்டத்தின் முக்கோணத்துக்குள் பொருந்தும் பை. பாரமானவை இதற்குள்தான் போக வேண்டும். பாரம் நடுவிலும் தாழ்வாகவும் இருந்தால் சைக்கிள் தள்ளாடாது. பை ஒடுக்கமாக இருக்க வேண்டும். அகன்றால் முழங்காலில் உரசும். நாம் வீதியின் இடப்பக்கம் செல்வதால் சிப்பை இடப்புறம் வைத்தேன். ஓரத்தில் இறங்கி நின்று, வாகனங்களுக்கு விலகித் திறக்கலாம்.

இரண்டாவது, சீற்றுக்குக் கீழே சிறு பை. மாற்று டியூப், ஒட்டுத் துண்டு, சாவிகள் இதற்குள். பின்சில்லில் முட்டாமல் நல்ல இடைவெளி வேண்டும். மகனை ஏற்றி உட்கார வைத்துத்தான் அளவு பார்த்தேன்.

மூன்றாவது, ஹேண்டிலுக்குப் பின்னால் பாரில் கட்டும் குட்டிப் பை. பணம், பேரீச்சம்பழம், தொலைபேசி.

பட்டி உரசும் இடங்களில் பழைய டியூப் துண்டைச் சுற்றினால் வர்ணம் போகாது. தொங்கும் பட்டி நுனிகளை மடித்துத் தைத்துவிட வேண்டும். அவையும் சில்லுக்குள் போகும். பொருட்களை நிரப்பி, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, தெருவில் ஒரு சுற்று ஓடவிட்டு, பட்டிகளை மீண்டும் இறுக்க வேண்டும். உப்புக்காற்றில் சிப் இறுகிவிடும். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மெழுகுதிரியைத் தேய்த்தால் இலகுவாகும். மாரி மழைக்கு உள்ளே ஒரு பொலித்தீன் உறை போதும்.

இன்சுலினுக்குத் தனிக் கவனம். வெயில் பட்டால் கெடும், உறைந்தாலும் பயனில்லை. அகன்ற வாய்ப் பிளாஸ்கின் அடியில் ஐஸ் வைத்து, மேலே தடித்த துணியில் சுற்றிய குப்பியை வைத்தோம். மறுநாள் பயண துஆ ஓதிப் புறப்பட்டவன் மருந்தோடு லுஹருக்கு முன் திரும்பினான், அல்ஹம்துலில்லாஹ்.

இதையெல்லாம் நினைத்தபடி போகையில் சீனன்குடா வந்தது. ஆங்கிலேயர் எண்ணெய்க் குதங்கள் கட்டிய ஊர். அந்தத் தட்டுப்பாட்டு நாட்களில் இதைக் கடந்துதான் எங்கள் ஆட்கள் சைக்கிள் மிதித்தார்கள். அதற்கப்பால் துறைமுகத்து நீர் கண்ணாடிபோல் கிடந்தது. உவர்மலை ஏற்றத்தில் மகன் எழுந்து நின்று மிதித்தான். சைக்கிள் இரு பக்கமும் சாய்ந்தது, பைகள் அசையவில்லை.

நகரில் இறங்கியதும் பையைத் திறந்து, என் உம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினான். ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.