உப்புநீர் புகுந்த இரவல் விளக்கு



மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் நான் கடலடிப் புகைப்பட விளக்கைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். என் சகோதரியின் மகன், முறையான அனுமதியோடு மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை ஆய்வு செய்யும் குழு ஒன்றுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறான். சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தைக் கடல்நீர் சில மீட்டர் ஆழத்திலேயே விழுங்கிவிடும். அதன்பின் செம்பவளமும் நீலச்சாம்பலாகவே தெரியும். ஆகவே கேமராவின் இருபுறமும் நீர் புகாத ஃபிளாஷ் விளக்குகளைப் பொருத்திக்கொண்டு மூழ்குகிறார்கள். அவற்றில் ஒன்று அவனுடையது. மற்றொன்றை நண்பரிடம் இரவலாக வாங்கியிருந்தான். நீர் புகுந்தது இரவல் விளக்கில்தான். புதிதாக வாங்குவதென்றால் என்னுடைய நான்கு மாதச் சம்பளம்.

மின்கல அறையின் மூடிக்கும் உடலுக்கும் இடையே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. கடல் முழுவதையும் வெளியே நிறுத்துவது அந்த ஒற்றை வளையமே. பத்து மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. வளையத்தின்மீது ஒரு தலைமுடியோ ஒரு மணற்துகளோ கிடந்தால் போதும், நீருக்கு வழி திறந்துவிடும். அன்று கிடந்தது முடி.

படகில் ஏறியதும் அவன் விளக்கை அணைத்து, மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் கடலை நோக்கித் திருப்பிச் சிறிது சிறிதாகத் திறந்தான். மின்கலங்கள் உப்புநீரில் நனைந்தால் உள்ளே வாயு உருவாகி அழுத்தம் சேரும். அவசரப்பட்டுத் திறப்பவரின் கண்ணை மூடி பறித்துவிடக்கூடும். பின்பு மின்கலங்களை எடுத்துவிட்டுப் படகிலிருந்த குடிநீரை அந்த அறைக்குள் ஊற்றி ஊற்றிக் கழுவினான். நீரால் கெட்ட பொருளுக்கு மேலும் நீரா என்று உடனிருந்தவர்கள் கேட்டார்களாம். நீரைவிட உப்பே பெரும் பகை. கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைச் சுமந்து வருகிறது. கழுவாமல் உலரவைத்தால் நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்து உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறையும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறையும் கழுவினோம். ஆல்கஹால் என்ற பெயரைக் கேட்டதும் என் தாயார் முகம் சுளித்தார்கள். அது மது அன்று, ஈரத்தை விரட்டும் கரைப்பான் என்று விளக்கிய பிறகே மேசையை விட்டுக் கொடுத்தார்கள். தொடர்புத் தகடுகளில் படிந்த பச்சைக் களிம்பைக் காடியில் தோய்த்த பஞ்சால் துடைத்து மீண்டும் கழுவினோம். அரிசிப் பானைக்குள் புதைக்கும்படி அண்டை வீட்டார் சொன்ன யோசனையை ஏற்கவில்லை. அரிசி உப்பை எடுக்காது, தன் மாவைத்தான் உள்ளே விட்டுவரும். வெயிலிலும் வைக்கவில்லை, பிளாஸ்டிக்கும் ரப்பரும் உருமாறிவிடும். நிழலில், மின்விசிறியின் கீழே, ஐந்து நாட்கள்.

ஒன்றை மட்டும் அவன் தொடவேயில்லை. விளக்கின் முன்பகுதியில், தனியே அடைக்கப்பட்ட அறையில், ஏறத்தாழ 300 வோல்ட் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கி இருக்கிறது. மின்கலத்தை எடுத்த பிறகும் அது உயிரோடிருக்கும். வீட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கும் இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆறாம் நாள் புதிய மின்கலங்களை இட்டதும் விளக்கு பளிச்சென்று மின்னியது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அடுத்து அவன் சொன்ன சொல்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

“எரியுதுல்ல மாமா, அப்புறம் எதுக்கு அவர்கிட்ட சொல்லணும்?”

இரவல் பொருள் சேதமுற்றால் யார் பொறுப்பு என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கவனக்குறைவு இருந்தாலன்றிப் பொறுப்பில்லை என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. அனுமதித்த பயன்பாட்டினாலேயே தேய்ந்தாலன்றி, குறை செய்யாதவரும் ஈடு தர வேண்டும் என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. கடலுக்குக் கொடுத்த விளக்கு கடலில் நனைந்தது பயன்பாடுதானே என்று அவன் வாதிட்டான். நல்ல வாதம், என் மாணவர்களில் சிலரிடம்கூட நான் கேட்டிராத வாதம். ஆனால் வளையத்தைத் துடைக்காமல் மூடியது யாருடைய கை என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஈடு யார் தருவது என்பதைப் பேசித் தீர்க்கலாம். மறைப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்ற கருத்தில் வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை அவனுக்கு நினைவூட்டினேன். இந்த விளக்கும் அந்தக் குவியலைப் போன்றதே. இன்று எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் எஞ்சிய உப்பு மூன்று மாதம் கழித்து ஒரு கம்பியை அறுக்கலாம். அப்போது அது உரிமையாளரின் கையில் இருக்கும், தன் தவறென்றே அவர் எண்ணுவார்.

கொடுப்பதற்கு முன் புதிய ரப்பர் வளையம் வாங்கி, அதற்குரிய சிலிகான் பசையை மெல்லியதாகத் தடவிப் பொருத்தினான். மின்கலமின்றி, உள்ளே ஒரு தாள் கைக்குட்டையை மட்டும் வைத்து மூடி, கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி எடுத்தான். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. பழைய வளையத்தையும் ஓர் உறையிலிட்டு உடன் எடுத்துச் சென்றான்.

நண்பர் கோபப்படாமல் இல்லை. மின்கல அறை மட்டும் நனைந்ததா, முன்பகுதியுமா என்பதே அவருடைய முதல் கேள்வி. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்து, தொடர்புத் தகடுகளை மாற்றச் சொன்னார். அந்தச் செலவை மருமகன் மூன்று தவணைகளில் கொடுத்து வருகிறான், இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. உரிமையாளர் இப்போது அதை முதன்மை விளக்காகக் கொண்டு போவதில்லை, துணை விளக்காக மட்டும் வைத்திருக்கிறார்.