வடுவூர் ஏரிக்கு ஒரு சைக்கிள் பயணம்

 

இந்த மாதக் கையெழுத்துப் பத்திரிகைக்கு "விடுமுறையில் போன இடம்" பற்றி எழுதச் சொன்னார்கள். சிலர் ஊட்டி, கொடைக்கானல் என்று எழுதுவீர்கள். நான் போனது பக்கத்தில் இருக்கிற வடுவூர் ஏரிக்குத்தான். ஆனால் பஸ்ஸில் போகவில்லை, சைக்கிளில் போனேன். போக ஒரு வழி, வர ஒரு வழி. மொத்தம் 14 கிலோமீட்டர்.

அது என்ன 14 என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நம் பள்ளியில் பத்தாவது வரைதான் இருக்கிறது. ப்ளஸ் ஒன் படிக்க எங்கள் தெருவிலிருந்து 7 கிலோமீட்டர் போகணும். காலையில் வரும் பஸ் சில நாள் வரும், சில நாள் வராது. எங்கள் தெருவில் ரெண்டு அக்காக்கள் பத்தாவதோடு நின்றுவிட்டார்கள். மார்க் இல்லாமல் நிற்கவில்லை, போய்வர வழி இல்லாமல் நின்றார்கள். என் பேச்சு வந்தபோது அப்பா சொன்னார், "போக 7, வர 7. தெனம் 14 கிலோமீட்டர் இவ மிதிப்பாளா?" அப்பாயி, "வயசுக்கு வந்த புள்ள தனியா சைக்கிள்ல போறதாவது" என்று சேர்த்துச் சொன்னது. ப்ளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும். ஆனால் அந்த சைக்கிள் கைக்கு வரணும் என்றால் முதலில் ப்ளஸ் ஒன் சேரணுமே!

அரையாண்டு விடுமுறைக்கு புதுக்கோட்டையிலிருந்து அத்தை வந்தார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. நான் அழுததைப் பார்த்துவிட்டு, "நீ அழுவாத. அவன் கேட்ட 14 கிலோமீட்டரை நாம மிதிச்சே காட்டிடுவோம்" என்றார்கள்.

அத்தை சும்மா சொல்லவில்லை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் அவர் அந்த இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். சைக்கிள் இருந்தால்தான் படிக்கவும், வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போகலாம் என்பது காரணம். 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பளைங்க சைக்கிளையே பெண்கள் ஓட்டினார்களாம். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதியாம். எங்கள் அத்தையும் அந்தச் சமயத்தில் கற்றுக்கொண்டவர்தான்.

அத்தை மகள் ப்ளஸ் ஒன்னில் வாங்கிய சைக்கிள் வைக்கோல் ஏற்ற வந்த குட்டியானையில் எங்கள் ஊருக்கு வந்தது. அத்தைக்கு அப்பாவின் பழைய சைக்கிள். புல்லுக்கட்டு ஏற்றி ஏற்றி கேரியர் வளைந்துபோன வண்டி. முதல் நாளே பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா பார்த்தோம், செயினுக்கு எண்ணெய் விட்டோம், காற்றடித்தோம். தண்ணீர் பாட்டில், புளிச்சோறு, கைப் பம்பு மூன்றும் பையில் வைத்தோம்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். போகும்போது வடவாற்றுக் கரை. தார் ரோடு கிடையாது, மண் பாதைதான். ரெண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. பனியில் மட்கார்டெல்லாம் ஈரம். இந்த மாதிரி பாதையில் ஓட்ட அத்தை சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். மேடு வந்தால் மேட்டில் மிதிக்க ஆரம்பிக்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே வேகம் எடுத்து, உடம்பை முன்னால் சாய்த்து ஏறணும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும். பின் பிரேக்கை முதலில் மெதுவாகப் பிடித்து, உடம்பைப் பின்னால் வைக்கணும். மணலில் ஹேண்டில்பாரை இறுக்கக் கூடாது, மிதிப்பதை நிறுத்தவும் கூடாது. ஈரக் களிமண் என்றால் வீரம் வேண்டாம், இறங்கித் தள்ளணும். இல்லையென்றால் மண் மட்கார்டில் அடைத்து சக்கரமே சுற்றாது.

ஒரு மதகு மேட்டில் ரெண்டு தடவை பாதியில் நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை ஏறிவிட்டேன். மேலே ஏறியதும் கால் நடுங்கியது. ஆனால் சிரிப்பு வந்தது.

ஏரிக்கு வந்ததும் அத்தை, "இனிமே ஓட்டக் கூடாது, உருட்டிக்கிட்டு வா. மணி அடிக்காத" என்றார்கள். ஏனென்றால் அது பறவைகள் சரணாலயம். வடுவூர் ஏரி 1999-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 112 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஊர். ஈர நிலங்களைப் பாதுகாக்க 1971-ல் அங்கேதான் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. நம் மாவட்டத்தில் உதயமார்த்தாண்டபுரம் சரணாலயமும் அதே ஆண்டு அந்தப் பட்டியலில் வந்தது.

இது பாசன ஏரிதான். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறு, வடவாறு வழியாக இங்கே சேர்கிறது. அதனால் கோடையில் ஏரி காய்ந்து கிடக்கும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிறைந்து நிற்கும். தண்ணீர் வந்தால்தான் பறவை வரும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அரிவாள் மூக்கன், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் பார்த்தேன். நீர்க்காகம் ரெண்டு இறக்கையையும் விரித்துக் காய வைத்துக்கொண்டு இருந்தது. அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும், அதனால்தான் அப்படி. பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், பார்த்தால் பாம்பு மாதிரியே இருக்கும். நத்தை குத்தி நாரைக்கு அலகின் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. வயலில் நத்தையைப் பிடித்துத் தின்னும். ஊசிவால் வாத்து வடக்கே ரொம்பத் தூரத்தில் குளிர் நாடுகளிலிருந்து பறந்து வருகிறது. அது அவ்வளவு தூரம் வந்து போகிறது, நான் 7 கிலோமீட்டர் போய்வரக் கூடாதா என்று நினைத்துக்கொண்டேன்.

புளிச்சோறு சாப்பிட்டுக் கிளம்பும்போது முன் டயரில் கருவேல முள். பிடுங்கப் போனேன். "புடுங்காத! புடுங்கினா காத்து பொசுக்குன்னு போயிடும். முள்ளே அடைச்சுக்கிட்டு இருக்கும்" என்றார்கள் அத்தை. ரெண்டு தடவை பம்பு அடித்து, மெதுவாக மெயின் ரோட்டு சைக்கிள் கடை வரைக்கும் வந்துவிட்டோம். கடைக்காரத் தாத்தா டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காய விட்டு ஒட்டினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மெயின் ரோடு மன்னார்குடி - தஞ்சாவூர் சாலை. எனக்கு மண் பாதையை விட இதுதான் பயம். பஸ் பக்கத்தில் போகும்போது காற்று நம்மை இழுக்கிற மாதிரி இருக்கும். அத்தை முன்னால், நான் பின்னால். டீக்கடையில் ஒருவர், "இந்த வயசுல என்னம்மா சைக்கிளு?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை நிற்காமலே, "கால் நல்லாத்தாண்ணே இருக்கு!" என்றார்கள். டீக்கடையே சிரித்தது.

வீட்டுக்கு வரும்போது மணி பத்தே முக்கால். அப்பா வாசலில் நின்றார். "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார். ஏரியில் நின்றது, பஞ்சர் ஒட்டியது எல்லாம் கழித்தால் மிதித்த நேரம் 1 மணி 25 நிமிஷம் என்று நோட்டில் குறித்து வைத்ததைக் காட்டினேன். அதுவும் பாதி தூரம் மண் பாதை. நல்ல ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கு 7 கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம்கூட ஆகாது. எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். அப்பா நோட்டை ரெண்டு தடவை பார்த்தார். "சரி, பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு மோர் கொடுத்தது. பொங்கலுக்கு முன்னால் அப்பா தன் சைக்கிளின் வளைந்த கேரியரை மாற்றி, லைட்டும் போட்டு வாங்கி வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தோழிகளே, பத்தாவதுக்குப் பிறகு என்ன செய்வது என்ற கவலை எனக்கு மட்டும் இல்லை என்று தெரியும். ஒருத்தி போனால்தான் பயம். நாலு பேர் சேர்ந்து போனால் வீட்டிலும் விடுவார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை நம் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். நான் பின்னால் பிடித்துக்கொள்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 2 உலக ஈர நில நாள். அதையொட்டி ஒரு விடுமுறை நாளில் எங்கள் வகுப்பை வடுவூர் ஏரிக்கு சைக்கிளிலேயே அழைத்துப் போக அனுமதி வேண்டும். வழி எனக்குத் தெரியும். பம்பும் இருக்கிறது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு