எண்ணிக்கையில் சிக்காத கண்

வைட்டிலா படகுத்துறையில் டிக்கெட்டைக் காட்டியதும் தடுப்புக் கதவு திறந்து மூடுகிறது. உள்ளே போனவர் கணக்கில் ஒருவர். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவின் படகில் 100 பேருக்குத்தான் இடம். நூறு நிரம்பினால் அடுத்த படகுதான். எண்ணுவது இயந்திரம் என்பதால் சிபாரிசு எடுபடாது.

இங்கிருந்து படகு போவது காக்கநாட்டுக்கு. கலை பார்க்க வந்தவர்கள் எதிர்த்திசையில் போக வேண்டும். மெட்ரோ ரயிலில் எறணாகுளம் நகருக்குள் போய், உயர் நீதிமன்றப் படகுத்துறையில் படகு ஏறினால் கொச்சிக் கோட்டை. கரையோரம் சீன வலைகள், பழைய கிடங்குகள், 1867-ல் வணிகம் தொடங்கிய ஆஸ்பின்வால் நிறுவனத்தின் மாளிகை. தெற்கே நடந்தால் மட்டாஞ்சேரி.

2012 டிசம்பர் 12-ல் கொச்சி-முசிறி பினாலே இந்தக் கிடங்குகளில்தான் பிறந்தது. ஓவியமும் சிற்பமும் விழா முடிந்தாலும் மிஞ்சும். உடலால் நிகழ்த்தும் கலை மிஞ்சாது. 2014-ல் நிகில் சோப்ரா ஆஸ்பின்வால் மாளிகையில் வேடம் பூண்டு, மணிக்கணக்கில் வரைந்தபடியே ஒரு நிகழ்வை நடத்தினார். 2025 டிசம்பரில் தொடங்கிய ஆறாவது பினாலேயை வடிவமைக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. இப்படிப்பட்ட நிகழ்வை எப்படிப் பதிந்து வைப்பது? ஆள் இல்லாமல் தானே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா போதுமா?

ஆசை பழையது. 1882-ல் பிரான்சின் மாரே, நொடிக்கு 12 படம் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவால் பறவையின் பறத்தலைப் பிடித்தார். 1999-ல் அமெரிக்க நடன மேதை மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனம் ஒன்றில், ஆடுபவர்களின் அசைவைக் கணிப்பொறி பதிந்து கோட்டு உருவங்களாகத் திரையில் ஆடவிட்டது. இந்தியாவில் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், வீடியோ விளையாட்டுக்காக வந்த கைனெக்ட் கருவியைப் பரதநாட்டிய அடவுகள் முன் நிறுத்தினார்கள். மூட்டுகளின் நகர்வை வைத்து அடவை அடையாளம் காண்பது அந்த ஆய்வின் நோக்கம். அடவுப் பயிற்சிக்கு இது பயனுள்ள வேலை.

அதே கருவியைக் கொச்சிக் கோட்டையில் மாலைதோறும் நடக்கும் கதகளி முன் வைத்தால் சிக்கல் தொடங்கும். பார்வையாளர்கள் கண்ணெதிரே ஒப்பனை நடக்கிறது. முகத்தோரம் வெள்ளைச் சுட்டி ஏறுகிறது. இடுப்பில் கஜக்கணக்கில் துணி சுற்றிய பாவாடை, முழங்காலையும் இடுப்பையும் மறைத்துவிடுகிறது. மூட்டைத் தேடும் கருவிக்கு அங்கே மூட்டு இல்லை. சுண்டப்பூவின் துணுக்கு வைத்துச் சிவந்த கண்ணின் அசைவும், 24 அடிப்படை முத்திரைகளில் விரல் மடியும் நுட்பமும்தான் கதையே. கருவியின் எலும்புக்கூட்டில் கண்ணுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

ஆனால் மேடையில் வேறொரு கண்காணிப்பாளர் இருக்கிறார். நடிகரின் அருகே நிற்கும் செண்டைக்காரர். நடிகரின் கை எழும்போது செண்டை எழும், விரல் தயங்கினால் கோல் தயங்கும். ஒவ்வொரு அசைவையும் பார்த்து, பார்த்ததை அதே கணத்தில் ஒலியாகத் திருப்பித் தருகிறார். இந்தப் பார்வை ஒரு வருடத்தில் வருவதில்லை. 1930-ல் வள்ளத்தோள் தொடங்கிய கலாமண்டலம் இன்றும் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

கைனெக்ட் 2010-ல் கடைக்கு வந்தது. 2017-ல் தயாரிப்பு நின்றது. பதிவு இருக்கும், படிக்கும் கருவி இருக்காது என்பது இயந்திரச் சாட்சியின் பெரிய பலவீனம். அதற்காகக் கேமராவை அணைக்க வேண்டியதில்லை. மூத்த ஆசான் ஒருவர் மறைந்தபின் அவரது அசைவைப் பார்க்க மாணவனுக்கு வேறு வழி இல்லை. பதிவோடு, அதைப் பார்த்து விளக்கத் தெரிந்த ஆளையும் காப்பாற்ற வேண்டும். பினாலேக்களும் அரசும் கருவி வாங்கக் காட்டும் அக்கறையை அந்த ஆளின் சம்பளத்திலும் காட்டினால் நல்லது.

இரவு திரும்பும் கூட்டத்தை வைட்டிலா மெட்ரோ நிலையத்தின் தடுப்புக் கதவு மறுபடி எண்ணுகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்று அதற்குத் தெரியும். யார் கண் கலங்கி வந்தார்கள் என்பது பக்கத்தில் நடந்து வந்தவருக்குத்தான் தெரியும்.