தொண்ணூறு நாள் சலாம்

பொருள் தேடிக் கடல் கடந்த ஆண்களின் ஊர் எங்களுடையது. எங்கள் பாட்டனார் காலத்தில் பர்மாவும் மலேயாவும் கொழும்பும். பின்னர் சவூதியும் துபையும். நாடுகள் மாறினவேயன்றி வீட்டிலிருப்போரின் காத்திருப்பு மாறவில்லை. என் சிறு வயதில் வாப்பாவின் கடிதத்தை உம்மா தலையணைக்கடியில் வைத்திருப்பார்கள். பிறகு வாப்பாவின் குரல் ஒலிநாடாவில் வந்தது. இன்று கைபேசியில் முகமே வருகின்றது. ஆயினும், முகம் தெரிவதனாலேயே பேச்சு வந்துவிடுவதில்லை என்பதைக் கணவர் அயல்நாட்டிலிருக்கப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் நன்கு அறிவார்கள்.

எங்கள் மகனுக்குப் பதினான்கு வயது. அவனுடைய வாப்பா துபையில் பணிபுரிகின்றார்கள். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பு. நாள்தோறும் இரவு தொலைபேசியில், "சாப்பிட்டாயா வாப்பா? தொழுதாயா? படித்தாயா?" என்று மூன்று கேள்விகள் வரும். மூன்றுக்கும் "ம்" என்ற ஒரே பதில். அதன்பின் கைபேசி என் கைக்கு வந்துவிடும். பிள்ளைக்கு அன்பு இல்லாமலில்லை. பேசுவதற்குப் பொருள்தான் இல்லை.

அந்தப் பொருள் 'போக்கிமான் கோ' என்னும் கைபேசி விளையாட்டின் வழியே வந்தது.

2016 ஜூலையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வெளியான இவ்விளையாட்டு, அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. உட்கார்ந்த இடத்தில் இதனை முழுமையாக விளையாட இயலாது. தெருவில் நடக்க வேண்டும். கைபேசி காட்டும் வரைபடத்தில் ஆங்காங்கே தோன்றும் கற்பனை உயிரினங்களைப் பந்தெறிந்து பிடிக்க வேண்டும். ஊரிலுள்ள நூலகம், நினைவு வளைவு போன்ற உண்மையான இடங்கள் அதில் 'போக்கிஸ்டாப்' என்னும் நிறுத்தங்களாக இருக்கும். பந்துகளும் பிற பொருள்களும் அங்கே கிடைக்கும்.

மகன் அனுமதி கேட்டபோது நான் உடனே தலையசைக்கவில்லை. 2001ஆம் ஆண்டில் போக்கிமான் சீட்டு விளையாட்டில் சூதாட்டத்தின் சாயல் உண்டெனச் சவூதி உலமாக்கள் தீர்ப்பளித்திருந்தார்கள். அதே சவூதியின் பொது முதலீட்டு நிதியத்தைச் சேர்ந்த ஸ்கோப்லி நிறுவனம், 2025இல் இந்தக் கைபேசி விளையாட்டு உள்ளிட்ட நியான்டிக்கின் விளையாட்டுத் தொழிலை 350 கோடி டாலருக்கு வாங்கியது. யார் தடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பதைவிட, என் வீட்டில் அது எவ்வாறு நடக்கும் என்பதே எனக்கு முக்கியமாயிருந்தது. பணம் கட்டி, 'அரியது வருமா வராதா' என்று குலுக்கிப் பார்க்கும் விளையாட்டுகள் பல உள்ளன. ஜப்பானில் 2012இல் அவற்றுள் ஒரு வகை தடுக்கப்பட்டது. பெல்ஜியம் 2018இல் பணம் கட்டித் திறக்கும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டமென்றே வகைப்படுத்தியது. போக்கிமான் கோவிலும் பணம் கொடுத்து வாங்கும் கடை உண்டு. ஆதலின் மூன்று நிபந்தனைகள் விதித்தேன்: ஒரு காசும் செலவிடலாகாது, பாங்கு சொன்னால் கைபேசி பைக்குள் போக வேண்டும், சாலையைக் கடக்கையில் திரையைப் பார்க்கலாகாது. மகன் மூன்றுக்கும் உடன்பட்டான்.

துபையில் என் கணவரின் அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு நண்பர் ஒருவர் இதே விளையாட்டை ஆடுபவர். ஒருநாள் பேச்சுவாக்கில் கணவர் இதைச் சொல்ல, மகன் என் கையிலிருந்த கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அன்றிரவு இருபது நிமிடம் பேசினார்கள். ஒரு வாரத்தில் வாப்பாவும் விளையாட்டில் சேர்ந்தார்கள்.

மகனின் ஆசையெல்லாம் 'மியூட்டூ' மீதிருந்தது. மனவலிமையால் போரிடும் அரிய உயிரினம் அது. தெருவில் சாதாரணமாகத் தோன்றாது. 'ரெய்டு' எனப்படும் கூட்டுப்போர் நடக்கும் நாள்களில், பலர் ஒன்றுகூடி அதை வீழ்த்த வேண்டும். வீழ்த்தினாலும் கைக்கு வந்துவிடாது. எண்ணித் தரப்படும் சில பந்துகளால் பிடிக்க வேண்டும். ஓர் எறிக்கு அடிப்படை வாய்ப்பு நூற்றுக்கு 6 மட்டுமே. எங்கள் சிற்றூரில் அத்தனை பேரை எங்கே திரட்டுவது? துபையிலோ விடுமுறை நாள் மாலையில் பூங்காவில் மலையாளிகளும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் கூடுவார்கள். ஜிம் என்னும் போர்க்களத்தில் நாளுக்கொன்றாகக் கிடைக்கும் இலவசச் சீட்டைக் கொண்டே என் கணவரும் அவர்களோடு நின்றார்கள். மூன்று விடுமுறைகள் வெறுங்கையோடு திரும்பி, நான்காவதில் பிடித்தார்கள். மகனுக்குத்தான் முதல் தகவல்.

"எனக்குத் தாருங்கள் வாப்பா" என்றான். அங்கேதான் விளையாட்டின் சட்டம் குறுக்கே நின்றது. பரிமாற்றம் செய்வோர் இருவரும் ஏறத்தாழ 100 மீட்டருக்குள் இருக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து அனுப்ப அவர்களுக்கு அப்போது வழியில்லை. மேலும், ஒருவரிடம் இல்லாத இத்தகைய அரிய உயிரினத்தைப் பரிமாற, புதிதாய் நட்பானவர்கள் ஆளுக்கு 10,00,000 'நட்சத்திரத்தூள்' கொடுக்க வேண்டும். சாதாரணமாக ஓர் உயிரினத்தைப் பிடித்தால் கிடைப்பதோ 100. 'உற்ற நண்பர்' என்னும் நிலையை எட்டிவிட்டால் 40,000 போதும். அந்நிலையை விலைக்கு வாங்க இயலாது. 90 நாள்கள், நாளுக்கு ஒருமுறையேனும், ஒருவருக்கொருவர் அன்பளிப்பு அனுப்பித் திறக்க வேண்டும். ஒரு நாளில் கணக்கில் ஒன்றுதான் ஏறும்.

கணவரின் விடுப்புக்கு அப்போது ஐந்து மாதங்கள் இருந்தன. தந்தையும் மகனும் தொடங்கினார்கள்.

அந்த அன்பளிப்பு ஓர் அஞ்சலட்டை போன்றது. எந்த நிறுத்தத்தில் கிடைத்ததோ, அவ்விடத்தின் படமும் பெயரும் அதில் இருக்கும். வாப்பா வேலைக்குச் செல்லும் வழியிலுள்ள நீரூற்று ஒருநாள் வரும். பணியிடத்துக்கு அருகிலுள்ள பள்ளிவாசல் மறுநாள் வரும். "இது அறையிலிருந்து எவ்வளவு தூரம் வாப்பா? நடந்தா போகிறீர்கள்? வெயில் இல்லையா?" என்று மகன் கேட்கலானான். அவர்கள் வெயிலில் எவ்வளவு தூரம் நடக்கின்றார்கள் என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கிருந்து நூலகமும் கடற்கரை வளைவும் அவர்களைச் சென்றடைந்தன. "வளைவுக்குப் புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களா?" என்று அங்கிருந்து கேள்வி வரும். இரவுப்பணி நாள்களில் கணக்கு விட்டுப்போனதுண்டு. 90 நாள் 107 நாளாயிற்று. இடையில் மகன் நானூறுக்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பிடித்து 40,000 தூளைச் சேர்த்து வைத்தான். கையிலிருப்பதைச் செலவிடாமல் வைத்திருக்கும் பழக்கத்தை அவனிடம் முதன்முதலாய்க் கண்டேன்.

விடுப்பில் வந்த மறுநாள், அஸர் தொழுகைக்குப்பின் முற்றத்தில் அமர்ந்து பரிமாறிக்கொண்டார்கள். கைமாறும்போது உயிரினத்தின் ஆற்றல் புதிதாய்க் கணிக்கப்படும் என்பது மற்றொரு சட்டம். தாக்குதல், தற்காப்பு, உயிர்வலு மூன்றும் 15க்கு 15, 14, 13 என்றிருந்தது, மகனிடம் வந்ததும் 9, 12, 7 ஆகிவிட்டது. ஒருமுறை கைமாறியதை மீண்டும் மாற்றவும் இயலாது. கணவரின் முகம் வாடிவிட்டது. மகன் திரையின் அடிப்பகுதியைச் சுட்டிக் காட்டினான். பிடித்த இடம் துபை என்றும், பிடித்த நாள் இன்னதென்றும் அப்படியே இருந்தன. "இது மாறவில்லையே வாப்பா" என்றான்.

அந்த ஒரு மாதமும் அதை வைத்து வீணே மினுக்கவில்லை. 'மச்சாம்ப்' என்னும் நான்கு கை மல்லன் எங்களூர் ஜிம்மில் ரெய்டுக்கு வந்தபோது இருவருமே சென்றார்கள். மல்லர் வகைக்கு மனவலிமை வகை பகை. அதற்கு மியூட்டூவே ஏற்றது. உற்ற நண்பர்கள் சேர்ந்து போரிட்டால் தாக்குதல் 10 விழுக்காடு கூடும். 180 வினாடி முடியுமுன்னரே வென்று, வியர்வையும் சிரிப்புமாக வீடு திரும்பினார்கள்.

எனக்கு வியப்பூட்டிய செய்தி வேறொன்று. இத்தனை வலிய மியூட்டூவை ஜிம்மில் காவலுக்கு நிறுத்த விளையாட்டு அனுமதிப்பதில்லை. தாக்கச் செல்லலாம், தங்கிக் காக்க இயலாது. காவலுக்குப் பெயர்பெற்றது 'பிளிஸ்ஸி' என்னும், முட்டையை ஏந்தி நிற்கும் சாதுவான உயிரினம். "அது யாரைப் போல என்று தெரிகிறதா?" என்று கணவர் மகனிடம் கேட்க, இருவரும் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேளாதவள்போல் ஆணம் கிளறிக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளே! எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்விளையாட்டைக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நிபந்தனையின்றிக் கொடுத்தால் நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் தன்மை இதற்கும் உண்டு. உங்கள் பிள்ளை ஒன்றின்மீது ஆசை வைத்தால், அது எவ்வாறு கிடைக்கின்றது என்று கேட்டுப் பாருங்கள். பணத்தாலும் குலுக்கலாலும் கிடைப்பதென்றால் விலக்குங்கள். நடையாலும் பொறுமையாலும், இன்னொருவரோடு நாள்தோறும் பேணும் தொடர்பாலும் கிடைப்பதென்றால், அந்த இன்னொருவர் வீட்டில் ஒருவராக இருக்க வழி தேடுங்கள்.

கணவர் துபை திரும்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. உற்ற நண்பர் நிலையை எட்டிய பின்னும் அன்பளிப்புகள் நின்றபாடில்லை. நேற்றிரவு பேச்சு முடிந்து கைபேசி என்னிடம் வந்தபோது, மின்னேற்றம் தீர்ந்து அணைந்தே விட்டது.