சிபாரிசு வந்த வழி

"அந்த நாளில் சிபாரிசுக்குக் காகிதம் எதற்கு? 'நம்ம பையன்' என்று மேஸ்திரி காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும்!" என்பார் என் மாமனார். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் 1996-ல் மூடப்பட்டது. புளியந்தோப்பில் சிபாரிசு மட்டும் மூடப்படவில்லை, வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விட்டது.

சென்ற வருஷம் என் பெண் பி.காம். தேறினாள். எண்ணூரில் உத்தியோகம் பார்க்கும் என் சித்தி மகனுக்கு அவளுடைய விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. நேரில் கேட்டேன்.

"தினம் நாற்பது 'காலை வணக்கம்' வருகிறது, அக்கா! அதற்குள் எங்கே தேடுவேன்? மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பியிருப்பேனே!" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம்.

அந்த வாரமே வேறொரு செய்தி. பெரிய கம்பெனியின் பெயர் போட்டு, "வேலை நிச்சயம். மாலைக்குள் ஐயாயிரம் ரூபாய் கட்டவும்" என்றிருந்தது. நான் வளையலைக் கழற்றிவிட்டேன். பெண்தான் தடுத்தாள். "கம்பெனியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து உத்தரவு அனுப்புங்கள்" என்று பதில் எழுதினாள். அப்புறம் அந்த ஆசாமி மூச்சு விடவில்லை. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தோம்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இது: விசாரிக்க, நினைவுபடுத்த வாட்ஸ்அப்; விண்ணப்பமும் உத்தரவும் மின்னஞ்சல். அதிலும் அனுப்பியவர் பெயரை நம்பக் கூடாது. முகவரியின் பின்பாதியைப் படிக்க வேண்டும். பணம் கேட்டால் அது வேலையே அல்ல.

போன மாதம் உத்தரவு வந்தது, மின்னஞ்சலில்தான். அச்செடுத்து மாமனார் படத்தடியில் வைத்தேன். காகிதம் எதற்கு என்று கேட்டவராயிற்றே, பார்க்கட்டும்!