நிறமிழந்த தேவதூதன்

கடந்த கோடை விடுமுறையில் குஜிலியம்பாறையிலுள்ள எமது இல்லம் சென்றிருந்தபோது, அப்பத்தாவின் திருமணப் புகைப்படம் எம் கைக்கு வந்தது. கருமையும் வெண்மையுமான அப்படத்தில், மணமக்களுக்குப் பின்னே எமதூர்ச் சிறு தேவாலயத்தின் சுவரிலே, சிறகு விரித்த தேவதூதன் ஒருவன் தோன்றுகின்றான். அச்சித்திரத்தை யாம் நேரிற் கண்டதில்லை. யாம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அதன்மீது சுண்ணாம்பு பூசிவிட்டனராம்.

அதைக் கண்டவுடன், கல்லூரி நூல்நிலையத்தில் யாம் பலகால் நோக்கியிருந்த வேறொரு தூதன் நினைவுக்கு வந்தான். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, உரோமாபுரி ஆலயமொன்றிற்காக 1602-ஆம் ஆண்டில், மத்தேயு சுவிசேஷம் எழுதும் காட்சியைத் தீட்டினார். வழுக்கைத் தலையும் வெறுங்கால்களுமாய், உழவர் ஒருவரைப்போல மத்தேயு அமர்ந்திருக்கின்றார். குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் அகரம் எழுதுவிப்பார்போல, தூதன் அவர் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றான். ஆயத்துறையிற் கணக்கெழுதியவருக்கு எழுத வராதோ என்று கேட்போர் கேட்கலாம். எமக்கோ அந்தக் கையின் தயக்கமே மெய்யாகத் தோன்றிற்று. குருமார், அப்போஸ்தலருக்கு இக்கோலம் தகாதென்று அதை ஏற்கவில்லை. ஓவியர் வேறொன்று தீட்டிக் கொடுத்தார்.

விலக்குண்ட ஓவியம் பின்னாளிற் பெர்லின் நகரப் பொருட்காட்சிசாலையை அடைந்தது. இரண்டாம் உலகப்போரில் விமானக் குண்டுகளுக்கு அஞ்சி, அதனையும் பிறவற்றையும் காங்கிரீட்டுக் கோபுரமொன்றில் வைத்துக் காத்தனர். காத்த இடமே காலனாயிற்று. 1945 மே மாதத்தில், அந்நகரிற் போர் ஓய்ந்த பின்னர், அங்கு மூண்ட தீயில் 400-க்கு மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தனவென்பர். இன்று மத்தேயு கறுப்பு வெள்ளைப் படங்களில் மட்டுமே வாழ்கின்றார். ஒளியும் நிழலும் அவற்றில் உள்ளன. தூதனின் ஆடை என்ன நிறமென்று கேட்டால் அவை வாய் திறவா. பிற்காலத்தார் வர்ணமிட்டுப் பார்த்தனவெல்லாம் ஊகமே.

தமிழர் வாழும் மண்ணிலும் இத்தகைய இழப்பு உண்டு. 1834-இல் எம் மதுரை நாட்டுக்கு அமெரிக்க மிஷனெரிமார் வந்தது யாழ்ப்பாணத்திலிருந்தே. அந்நகர்க் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706-இற் சிலுவை வடிவாய்க் கட்டிய தேவாலயம், 1990-இல் மூண்ட கோட்டைப் போரிலும் அதன் பின்னும் இடிபட்டுக் கற்குவியலாயிற்று. பழைய படங்களிலோ அது குறைவின்றி நிற்கின்றது. அதனுள்ளே பாட்டு எவ்வாறு முழங்கிற்றென்று அறிய வேண்டின், கேட்ட செவியுடைய முதியோரையே நாட வேண்டும்.

ஆதலின் யாமும் அப்பத்தாவைக் கேட்டோம்.

"சிறகு என்ன நிறம், அப்பத்தா?"

"பச்சை, ராசா. கிளிப்பச்சை."

அருகிருந்த சின்ன அப்பத்தா ஒப்பவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலமென்றார். விளக்கு வைக்கும் வரை இருவரும் வழக்காடினர். எண்பது கடந்த அவ்விருவரும் ஒன்றில் மட்டும் ஒத்தனர்: ஓவியன் மறந்துபோய்த் தூதனின் இடக்காலில் நான்கு விரல்களே வரைந்திருந்தானாம். பிரசங்கம் முடியுமட்டும் பிள்ளைகள் அவற்றையே எண்ணிக்கொண்டிருப்பராம். படத்திலோ அக்காலை மணமகளின் சேலை மறைக்கின்றது.

இரு நிறங்களையும் நான்கு விரல்களையும் படத்தின் பின்புறத்திற் பென்சிலால் எழுதி வைத்தோம்.